எலிவேஷன் படத்தை மூடிவைத்துவிட்டுத் தள வரைபடத்தைக் கேளுங்கள்

நீங்கள் கேட்டிருப்பவை மூன்று. சென்னையில் ஓஎம்ஆர் எனப்படும் பழைய மகாபலிபுரம் சாலை, பெரம்பூர், போரூர் என்று திரும்பிய பக்கமெல்லாம் முப்பது, நாற்பது மாடிக் குடியிருப்புகள் எழும்புகின்றனவே, அவை ஒரே அச்சில் வார்த்தவை போல் இருப்பது ஏன்? கட்டடக்கலை படிக்காத ஒருவர் அவற்றின் வடிவமைப்பில் நல்லது கெட்டதை எப்படிக் கண்டுகொள்வது? வாங்குவதென்றால் எத்தனையாவது மாடி? கட்டட வடிவமைப்பு என் தொழில் என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

ஒரே அச்சில் வார்த்தவை என்று நீங்கள் சொன்னது நேர்ப்பொருளிலேயே உண்மை. இன்றைய உயரக் குடியிருப்புகளில் பல, அலுமினிய அச்சுத் தகடுகளைப் பூட்டி, சுவரையும் கூரையையும் ஒரே மூச்சில் கான்கிரீட்டாக ஊற்றிக் கட்டப்படுபவை. வேலை நடக்கும் இடத்தில் இதை மிவன் என்பார்கள். செங்கல் கிடையாது, பூச்சுவேலை பெரும்பாலும் கிடையாது, வேகம் பிடித்துவிட்டால் வாரத்துக்கு ஒரு தளம்கூட ஏறும். ஆனால் அந்தத் தகடுகளைச் செய்ய ஆகும் செலவு பெரியது. அதே தகட்டைக் கழற்றி மேலே பூட்டி, கழற்றி மேலே பூட்டி, பல தளங்களுக்குப் பயன்படுத்தினால்தான் கட்டுப்படியாகும். ஆகவே ஐந்தாம் மாடியில் சமையலறை எங்கே இருக்கிறதோ, முப்பத்தைந்தாம் மாடியிலும் அங்கேயேதான் இருக்கும். கட்டடக்கலைஞர் வரைவது உண்மையில் ஒரே ஒரு தளம். மற்றதெல்லாம் அதன் நகல். வெளியே தெரியும் வண்ணப் பட்டைகள், நெடுக்கக் கீற்றுகள், ஏகாட்டூர் பக்கம் காணப்படும் ரோமானியத் தூண் பாணி அலங்காரங்கள் எல்லாம் அந்த நகல்களுக்கு மேல் போடும் சட்டை.

இரண்டாவது காரணம் சட்டம். தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி 18.30 மீட்டரைத் தாண்டினால் அது உயரக் கட்டடம். மனைப்பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்று சொல்வது தளப்பரப்புக் குறியீடு, அதாவது எஃப்எஸ்ஐ. 18.30 மீட்டருக்குக் கீழே அது 2. உயரக் கட்டடத்துக்கு, போதிய அகலமுள்ள சாலை இருந்தால், 3.25. அதற்கு மேலும் கட்டணம் செலுத்தி பிரீமியம் எஃப்எஸ்ஐ வாங்கலாம். அகலமான சாலையில் அது 50 சதவீதம் வரை போகும். பத்து கிரவுண்டு மனையில், அதாவது 24,000 சதுர அடியில், சாதாரண அடுக்ககம் கட்டினால் 48,000 சதுர அடி. அதே மனையில் உயரக் கட்டடம் என்றால் 78,000. நிலத்தின் விலை தெரிந்த யாரும் இந்த வித்தியாசத்தை விட்டுவைக்க மாட்டார்கள்.

வாங்குபவர் இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும். எஃப்எஸ்ஐ 2 உள்ள அடுக்ககத்தில் 1,000 சதுர அடிக்கு உங்கள் பங்காக வரும் நிலம், அதாவது பிரிக்கப்படாத நிலப்பங்கு எனும் யுடிஎஸ், ஏறக்குறைய 500 சதுர அடி. 3.25-இல் அது 308 ஆகிறது. பிரீமியம் முழுவதையும் பயன்படுத்திய கட்டடத்தில் சுமார் 205. கோபுரம் உயர உயர உங்கள் காலடி மண் சுருங்குகிறது. அது தவறில்லை, தெரிந்துகொண்டு வாங்கினால் போதும்.

உயரத்துக்கு ஏற்ப மனை எல்லையிலிருந்து விட வேண்டிய இடைவெளியும் கூடும். 30 மீட்டர் வரை 7 மீட்டர். அதற்கு மேல் ஒவ்வொரு 6 மீட்டருக்கும் ஒரு மீட்டர் சேர்த்து, அதிகபட்சம் 20. முப்பது மாடி, 90 மீட்டர் என்றால் 17 மீட்டர் விட வேண்டும். கோபுரங்கள் மெலிந்து, தள்ளித் தள்ளி நிற்பதன் ரகசியம் இதுதான். விமான நிலைய ஆணையம் அனுமதிக்கும் உயரமும் இடத்துக்கு இடம் மாறும். மீனம்பாக்கத்தை ஒட்டிய பகுதிகளில் நாற்பது மாடியைத் தேடிப் பயனில்லை.

இனி இரண்டாவது கேள்வி. விற்பனை அலுவலகத்தில் உங்கள் கையில் முதலில் தருவது கட்டடத்தின் வெளித்தோற்றத்தைக் காட்டும் எலிவேஷன் படம். மாலை வெயிலில் பொன்னிறமாக மின்னும் கோபுரம், கீழே நீச்சல் குளம், ஊரில் எங்குமே காணாத பச்சை. அதை மூடிவைத்துவிட்டு, ஒரு முழுத் தளத்தின் வரைபடத்தைக் கேளுங்கள். உங்கள் வீட்டுப் படம் மட்டும் போதாது. லிஃப்ட், மாடிப்படி, நடை, பக்கத்து வீடுகள் எல்லாம் அடங்கிய முழுத் தளம் வேண்டும், திசைக்குறியோடு. சென்னையில் ஒரு கோபுரம் நல்லதா என்பதை மேற்கு வெயில், தென்கிழக்குக் காற்று, வடகிழக்கு மழை இந்த மூன்றும்தான் தீர்மானிக்கின்றன. மூன்றையும் அந்த ஒரு தாளில் படிக்கலாம்.

மேற்கு வெயிலை முதலில் எடுத்துக்கொள்வோம். சென்னை 13 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும். டிசம்பரில் தெற்கே சாயும், அப்போதும் உயரமாகவே இருக்கும். எனவே வடக்கு, தெற்கு ஜன்னல்களுக்கு இரண்டடி சன்ஷேடு இருந்தாலே நண்பகல் வெயிலைப் பெருமளவு சமாளித்துவிடலாம். மாலை நான்கு மணிச் சூரியன் அப்படியில்லை. தாழ்வாக வந்து நேராக உள்ளே பாயும். எவ்வளவு நீளமான சன்ஷேடு போட்டாலும் அதற்கு அடியில் நுழைந்துவிடும். மேற்கில் தேவை செங்குத்துத் தடுப்பு, துளைகள் உள்ள தடுப்பான ஜாலி, ஆழமான பால்கனி, அல்லது ஜன்னலே இல்லாத சுவர். அந்தப் பக்கத்தில் லிஃப்ட், மாடிப்படி, குளியலறை, அலமாரிகளை வைத்திருக்கும் வரைபடத்தைப் பார்த்தால் வரைந்தவருக்கு ஊர் தெரியும் என்று முடிவு செய்யலாம். மேற்கு முகம் முழுக்கக் கண்ணாடி போட்டு, அதற்கு ‘சன்செட் வியூ’ என்று பெயரும் சூட்டி, சதுர அடிக்குக் கூடுதல் விலையும் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். மே மாதத்தில் அந்தக் காட்சியை மூடுவதற்கு நீங்கள் தனியாகத் திரைச்சீலை வாங்க வேண்டும்.

மிவன் சுவர் இங்கே கூடுதல் தொல்லை. பழைய ஒன்பது அங்குலச் செங்கல் சுவருக்கு 230 மில்லிமீட்டர் கனம். உயரக் கட்டடங்களின் கான்கிரீட் சுவர் 160 மில்லிமீட்டர் அளவில் தொடங்குகிறது. கான்கிரீட் செங்கல்லைவிட வெப்பத்தை அதிகமாகக் கடத்தும். இரவு ஒன்பது மணிக்கு மேற்குப் படுக்கையறைச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், புரிந்துவிடும். ஆற்றல் திறன் செயலகம் 2018-இல் கொண்டுவந்த எகோ நிவாஸ் சம்ஹிதா என்ற குடியிருப்புகளுக்கான விதித்தொகுப்பு, வெளிச்சுவர் வழியாக வீட்டுக்குள் வரும் வெப்பத்துக்குச் சதுர மீட்டருக்கு 15 வாட் என்று ஒரு வரம்பு வைக்கிறது. உங்கள் கட்டடத்துக்கு அந்தக் கணக்கைப் போட்டீர்களா என்று கேளுங்கள். பதில் வராவிட்டாலும், கேள்வி கேட்பவர் யாரென்று அவர்களுக்குத் தெரியும்.

வாஸ்து பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சென்னையில் தள வரைபடத்தைப் பாதி வரைவதே வாஸ்துதான். கன்னி மூலையில் பெரிய படுக்கையறை, அக்னி மூலையில் அடுப்பு, ஈசானியத்தில் பூஜை. தென்மேற்கு அறைக்குத் தெற்குக் காற்றும் கிடைக்கும், மேற்கு வெயிலும் கிடைக்கும். ஜன்னலைத் தெற்குச் சுவரில் வைத்து, மேற்குச் சுவர் நெடுக அலமாரியை நிறுத்தினால் சாத்திரமும் பிழைக்கும், தூக்கமும் பிழைக்கும். ஒரு தளத்தில் எட்டு வீடு வைத்துக்கொண்டு எல்லாமே நூறு சதவீத வாஸ்து என்று விளம்பரம் செய்பவர்களின் வரைபடங்களில்தான் விசித்திரங்களைக் காணலாம். அடுப்பை அக்னி மூலையில் பொருத்துவதற்காக ஜன்னலே இல்லாத சமையலறை, கிழக்கு வாசலுக்காகப் பாம்பு போல் வளைந்த நடை.

அடுத்தது காற்று. கோடையில் நண்பகலைத் தாண்டியதும் கடலிலிருந்து வரும் காற்று இந்த ஊருக்குக் கிடைத்த கொடை. அது வீட்டுக்குள் நுழைந்தால் மட்டும் போதாது, வெளியேறவும் வழி வேண்டும். நடுவில் நீண்ட நடை, இரு புறமும் வரிசையாக வீடுகள் என்ற அமைப்பில், இடைப்பட்ட வீடுகளுக்கு ஒரே ஒரு வெளிமுகம்தான். காற்று வாசல் வரை வந்து திரும்பிப் போய்விடும். தளத்துக்கு நான்கு வீடு, நடுவில் லிஃப்ட், ஒவ்வொரு வீடும் மூலை வீடு என்ற அமைப்பு பழமையானது, இன்றும் அதைவிடச் சிறந்தது அரிது. எச் வடிவம், ஒய் வடிவம் எல்லாம் இதற்கும் அதற்கும் நடுவே செய்துகொள்ளும் சமரசங்கள். தள வரைபடத்தில் உங்கள் வீட்டு ஜன்னல் ஒன்றிலிருந்து எதிர்ப்பக்க ஜன்னலுக்கு, கதவுகள் வழியாக, பென்சிலால் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். கோடு வெளியே போனால் காற்றும் போகும். அந்த இரண்டாவது ஜன்னல் குழாய்கள் இறங்கும் மூன்றடி அகலப் பொந்தான டக்டைப் பார்த்துத் திறந்தால், போவது காற்று இல்லை, கீழ்வீட்டுத் தாளிப்பு வாசனை மேலே வரும்.

ஜன்னலின் அளவுக்கும் ஒரு கணக்கு உண்டு. வெப்பமும் ஈரமும் மிகுந்த சென்னை போன்ற ஊர்களில் திறக்கக்கூடிய பரப்பு, தரைப்பரப்பில் 16.66 சதவீதம், அதாவது ஆறில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்கிறது முன்பு சொன்ன எகோ நிவாஸ் சம்ஹிதா. வீடு முழுமைக்குமான அந்த அளவை ஓர் அறைக்குப் பொருத்திப் பார்ப்போம். பத்துக்குப் பன்னிரண்டு அறை 120 சதுர அடி. திறக்கும் பரப்பு 20 சதுர அடி வேண்டும். ஐந்துக்கு நான்கு ஜன்னல் வைத்தால் சரியாகிவிட்டது என்று தோன்றும். அது இழுத்துத் திறக்கும் ஜன்னலாக இருந்தால் எப்போதும் பாதிதான் திறக்கும், ஆக 10. கதவு போல் வெளியே திறக்கும் ஜன்னல் என்றால் ஏறக்குறைய முழுவதும் திறக்கும், ஆனால் இருபதாம் மாடிக் காற்றில் அதன் கொக்கிகளும் கீல்களும் நல்ல தரமாக இருக்க வேண்டும். பில்டர்கள் இழுப்பு ஜன்னலை விரும்புவது விலைக்காக.

இப்போது மழை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து காற்றோடு சாய்வாக அடிக்கும் மழைக்கு உயர மாடிகளில் தடையே இல்லை. எதிரே மரமோ கட்டடமோ கிடையாது. ஓஎம்ஆரில் ஒரு கோபுரத்தின் இருபத்திரண்டாம் மாடியில், நவம்பர் மழையில் ஹாலுக்குள் தண்ணீர் வருகிறதென்று அழைத்திருந்தார்கள். சுவரில் விரிசல் என்று எண்ணியிருந்தார்கள். சுவர் நன்றாகத்தான் இருந்தது. இழுப்பு ஜன்னலின் கீழ்ச்சட்டத்தில், தண்ணீர் வெளியே வடிவதற்கென்று சுண்டுவிரல் நுனி அளவில் சிறு துளைகள் இருக்கும். பெயிண்ட் அடிப்பதற்கு முன் சட்டத்தைச் சுற்றி ஒயிட் சிமெண்ட் பூசியவர் அந்தத் துளைகளையும் சேர்த்து அடைத்துவிட்டார். மழைநீர் சட்டத்துக்குள்ளேயே குளம் கட்டி, காற்று தள்ளத் தள்ள, உள்பக்க விளிம்பைத் தாண்டித் தரையில் இறங்கியிருந்தது. ஒரு ஆணியும் ஐந்து நிமிடமும் போதுமாக இருந்தன. வீட்டை ஒப்படைக்கும் நாளில் கிழக்கு, வடக்கு ஜன்னல் சட்டங்களில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி, வெளியே வடிகிறதா என்று பாருங்கள். ஜன்னலடிக் கல் வெளிப்புறம் சரிந்திருக்கிறதா, பால்கனித் தரை ஹாலைவிட இரண்டு அங்குலமாவது தாழ்ந்திருக்கிறதா என்பதையும் கூடவே பார்த்துவிடலாம்.

உப்புக் காற்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஓஎம்ஆரிலிருந்து கடல் கூப்பிடு தூரம். கான்கிரீட் விதிநூலான ஐஎஸ் 456, கடலோரச் சூழலைக் கடுமையான சூழலாக வகைப்படுத்தி, கான்கிரீட்டின் வலிமைத் தரம் எம்30-க்குக் குறையக் கூடாது, கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் மூடுகனம் வேண்டும் என்கிறது. தூணில் இதைப் பெரும்பாலும் கவனித்துவிடுவார்கள். கோட்டைவிடும் இடம் மெல்லிய அலங்காரக் கீற்றுகள். கம்பியை மூடுவதற்கே கனம் போதாத அந்தக் கீற்றுகளில்தான் சில வருடங்களில் துரு கசியும், சில்லு பெயரும். இருபத்தைந்தாம் மாடியில் பெயரும் சில்லு கீழே நடப்பவர் தலைக்கு. பால்கனிக் கைப்பிடி எவர்சில்வராக இருந்தால் 304 ரகமா, 316 ரகமா என்று கேளுங்கள். கடற்காற்றைத் தாங்குவது 316. வெளிப்பூச்சுக்கு ஆட்களைத் தொங்கவிட எங்கே கயிறு கட்டுவார்கள் என்பதும் நியாயமான கேள்விதான், அந்தச் செலவு பிற்பாடு குடியிருப்போர் சங்கத்தின் தலையில் விழும்.

உறுதி பற்றி மக்கள் அதிகம் பயப்படுகிறார்கள், அதற்குக் காரணமும் உண்டு. 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு கோபுரத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதன் பிறகு 2017-இல் 50 மீட்டருக்கு மேற்பட்ட கான்கிரீட் கட்டடங்களுக்கென்றே ஐஎஸ் 16700 என்ற தனி விதிநூல் வந்தது. சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர் என்று வைத்துத்தான் கணக்கிட வேண்டும். 1959-இல் எழுந்த அண்ணா சாலை எல்ஐசி கட்டடத்தின் உயரத்தை இன்று பதினெட்டு மாடிக் குடியிருப்பே தொட்டுவிடும், ஆகவே இது இனி அபூர்வ வித்தை இல்லை. கட்டமைப்புப் பொறியாளர் யார், அவருடைய வரைபடங்களை வெளியாள் ஒருவர் சரிபார்த்தாரா, மண்ணுக்குள் இறக்கும் அஸ்திவாரத் தூணான பைல் எந்த ஆழத்தில் பாறையைத் தொட்டது என்ற மூன்று கேள்விகள் போதும். இன்னொன்று: மிவன் வீட்டில் சுவர்கள்தான் கட்டடத்தைத் தாங்குகின்றன. ஹாலையும் படுக்கையறையையும் பின்னாளில் ஒன்றாக்கலாம் என்ற யோசனை இருந்தால் இப்போதே மறந்துவிடுங்கள். ஏசி குழாய்க்குத் துளை போடக்கூடப் பொறியாளரைக் கேட்க வேண்டும்.

தீ விஷயத்தில், இரண்டு மாடிப்படிகளும் ஒன்றுக்கொன்று தள்ளி இருக்கின்றனவா, கதவு தானாக மூடுகிறதா என்று பாருங்கள். குடிவந்த கட்டடங்களில் அந்தக் கதவுக்குச் செங்கல்லை முட்டுக் கொடுத்திருப்பதையும், அவசரத்துக்கு ஒதுங்க வேண்டிய தளத்தில் பழைய சோபா கிடப்பதையும் நிறையப் பார்க்கலாம். அதற்கு எந்தக் கட்டடக்கலைஞரும் மருந்து வைத்திருக்கவில்லை.

லிஃப்ட் கணக்கு எளிது. முப்பது மாடி, தளத்துக்கு எட்டு வீடு என்றால் 240 குடும்பங்கள். மூன்று லிஃப்ட் என்றால் ஒன்றுக்கு 80 குடும்பங்கள். காலை எட்டு மணிக்குப் பள்ளி வேன் வரும்போது அது தெரியும். அவற்றில் ஒன்றாவது ஸ்ட்ரெச்சரைப் படுக்கவைத்தபடி கொண்டுபோகும் ஆழம் கொண்டதாக இருக்க வேண்டும். நோயாளிக்கு மட்டுமில்லை, வீட்டில் ஒரு மரணம் நேர்ந்தால் என்ன செய்வது என்று விற்பனை அலுவலகத்தில் யாரும் பேச மாட்டார்கள். நான் பேசிவிடுகிறேன்.

தண்ணீரைப் பற்றி: மொட்டைமாடித் தொட்டியிலிருந்து பத்து மீட்டர் இறங்கினால் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம். முப்பது மாடி இறங்கினால் ஒன்பது. வீட்டுக் குழாய்க்கு இரண்டு, மூன்று போதும். நடுவில் அழுத்தம் குறைக்கும் வால்வுகளோ இடைத் தொட்டிகளோ இல்லாவிட்டால் கீழ்வீட்டில் குழாய் இணைப்புகள் பிய்த்துக்கொள்ளும். ஜெனரேட்டரும் மின்பலகை அறையும் எங்கே என்பதும் முக்கியம். 2015 டிசம்பரிலும் 2023-இல் மிக்ஜாம் புயலிலும் தென்சென்னை மூழ்கியதைப் பார்த்த பிறகும் அவற்றைப் பாதாளத்தில் வைக்கும் வரைபடங்கள் வருகின்றன. பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் சுற்றுவட்டாரத்தில், தரைக்கு மேலே இரண்டு மூன்று தளம் போடியமாக, அதாவது கோபுரத்துக்கு அடிமேடையாக, எழுப்பி அதில் கார்களை நிறுத்துவதே புத்திசாலித்தனம். அதனால் தெருவை ஒட்டி வெறும் சுவர் நீள்கிறது, டீக்கடைக்கு இடமில்லாமல் தெரு செத்துப்போகிறது என்ற வருத்தம் எனக்கு உண்டு. ஆனால் அது மூழ்கிய காரைவிடச் சிறிய வருத்தம்.

சில்லறை விஷயங்கள் சில. ஏசியின் வெளி யூனிட்டை அழகுக் கீற்றுகளுக்குப் பின்னால் ஒளித்திருந்தால், பழுதுபார்ப்பவர் எங்கே நிற்பார் என்று கேளுங்கள். யுடிலிட்டியில் வாஷிங் மெஷினை வைத்த பிறகு ஆள் திரும்ப இடம் வேண்டும். கொடி கட்டும் இடம் எது? எதிர்வீட்டு வாசல் உங்கள் வாசலுக்கு நேரே திறக்கிறதா? மார்கழியில் கோலம் போட வாசலுக்கு முன் இரண்டடி உண்டா, அல்லது அது லிஃப்டுக்குக் காத்திருப்பவர்கள் கால் வைக்கும் இடமா? விலை பேசும்போது, பொது இடங்களின் பங்கையும் சேர்த்துச் சொல்லும் சூப்பர் பில்டப் பரப்பை விடுங்கள். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் சொல்லும் கார்பெட் ஏரியாவை, அதாவது வீட்டுக்குள் பயன்படும் தரைப்பரப்பை, மட்டும் ஒப்பிடுங்கள். அதில் பால்கனியும் வெளிச்சுவரும் சேராது.

மூன்றாவது கேள்வி, எந்த மாடி. நானாக இருந்தால் எட்டிலிருந்து பதினைந்துக்குள், தெற்கும் கிழக்கும் திறந்த மூலை வீடாகப் பார்ப்பேன். அந்த உயரத்தில் தெருத் தூசியும் கொசுவும் குறைந்திருக்கும், கடற்காற்று தடையில்லாமல் வரும், லிஃப்ட் நின்றாலும் மூச்சு வாங்கியாவது ஏறிவிடலாம். இருபத்தைந்துக்கு மேலே காட்சி அற்புதம்தான், ஆனால் பால்கனியில் துணி நிற்காது, கதவுகள் அறையும், வருடத்தில் பல நாட்கள் ஜன்னலைச் சாத்தியே வைத்திருப்பீர்கள். கடைசி மாடிதான் வேண்டும் என்று மனது கேட்டால், மேலே வெயில் திருப்பும் வெள்ளை ஓடு பதித்து, அதன் கீழே வெப்பத்தடுப்பும் போட்டுத் தருவதாக ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.